ஹோம்டெல் பெல் வொர்க்ஸ்: பனிக்காலத்தில் அப்பா அம்மாவை அழைத்துப் போக ஓர் இடம்

நியூ ஜெர்சியில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் வாரம் தவறாமல் கோயில், காஸ்ட்கோ, மால் என்று சுற்றிவரும் பிள்ளைகளும் படிக்கலாம். மான்மவுத் கவுண்டியில் ஹோம்டெல் என்ற ஊரில் பெல் வொர்க்ஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சி அலுவலகம். இன்று அதற்குள் பொது நூலகம், சாப்பாட்டுக் கடைகள், நாடக அரங்கு, நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் அலுவலகங்கள் எல்லாம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். நுழைவுச் சீட்டு கிடையாது. எதையும் வாங்காமல் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருக்கலாம். வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தாலும் உள்ளே சால்வை இல்லாமல் நடக்கலாம். இது போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்பலாம். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் 114-ஆம் வழியில் இறங்கினால் பக்கம்.

மற்றவர்களுக்கு நான் கட்டடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். பொதுப்பணித்துறையில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் மேல்தளத்துக்கும் தூணுக்கும் வடிகால் குழாய்க்கும்தான் போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் அழைக்கிற முகம் இல்லை. அகலமான புல்வெளி, வளைந்து வளைந்து போகும் சாலை, வாசலில் மூன்று காலில் நிற்கும் வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி. மின்னணுக் கருவிகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டர் என்ற சின்ன உறுப்பின் வடிவத்தில் கட்டியது என்று எல்லோரும் காட்டுவார்கள். டிரான்சிஸ்டர் பிறந்தது என்னவோ இதே மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற இடத்தில், 1947-இல். அதே நிறுவனத்தின் பெருமை என்பதால் அந்த உருவம் இங்கே நிற்கிறது. அதைத் தாண்டினால் கட்டடம். முகப்பு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. வானமும் மரமும் மேகமும் தெரிகிறதே தவிர உள்ளே ஒரு ஆள் நடமாட்டம் தெரியாது. முதல் முறை வருகிறவர்களுக்கு "இங்கே நம்மை விடுவார்களா?" என்ற தயக்கம் வரும். என் மருமகள் "நீங்க பாட்டுக்கு உள்ள போங்கத்தே, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொன்ன பிறகும் எனக்குக் கால் தயங்கியது. தயங்க வேண்டாம். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

உள்ளே போனதும் மேலே பாருங்கள். நீளவாக்கில் கால் மைலுக்கு ஒரே நடுமுற்றம். இரண்டு பக்கமும் மாடிக்கு மேல் மாடியாகத் திறந்த நடைபாதைகள், குறுக்கே பாலங்கள், தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. செட்டிநாட்டு வீட்டு வளவில் நின்று மேலே பார்க்கும்போது வெளிச்சம் எப்படி நேராக வந்து தரையில் விழுகிறதோ, அதே வெளிச்சம், ஒரு தெரு நீளத்துக்கு. பகல் பதினோரு மணிக்கு அந்தக் கூரை வழியாக வெயில் இறங்கும்போது, ஜனவரி மாதம் என்பதே மறந்துவிடும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பினால் அரை மைல். அப்படி இரண்டு சுற்று வந்தால் ஒரு மைல். சர்க்கரைக்காரர்களுக்கும் ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கும் டாக்டர் சொன்ன நடை கணக்கு முடிந்துவிடும். தரை சமம். வழியெங்கும் உட்கார இடம். நான் பார்த்த வரையில் காலை நேரத்தில் இப்படி நடக்கிறவர்களில் சீனப் பாட்டிகளும், குஜராத்தி தாத்தாக்களும், நம்மவர்களும்தான் அதிகம். ஒரு சிரிப்பிலேயே பழக்கமாகிவிடுகிறார்கள்.

இதைக் கட்டியவர் ஈரோ சாரினென். ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். செயின்ட் லூயிஸில் இருக்கும் பெரிய எஃகு வளைவு அவர் வடிவமைத்ததுதான். ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் இறங்கியவர்கள் பறவை சிறகு விரித்தது போன்ற பழைய டி.டபிள்யூ.ஏ. நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் அவருடையது. இப்போது அதை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். ஹோம்டெல் வேலை 1959-இல் ஆரம்பித்து 1962-இல் திறந்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1961 செப்டம்பரில், 51 வயதில் இறந்துவிட்டார். அவர் அலுவலகத்தில் இருந்த கெவின் ரோச்சும் ஜான் டிங்கலூவும் பிற்பாடு இரண்டு தடவை கட்டடத்தை நீட்டினார்கள், 1960-களிலும் 1980-களிலும். ஒட்டுப்போட்டது எங்கே என்று தேடித்தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் போட்ட கட்ட அளவை இம்மி பிசகாமல் தொடர்ந்திருக்கிறார்கள். நாங்கள் பழைய கட்டடத்தோடு புதுக் கட்டடத்தைச் சேர்க்கும்போது தளமட்டம் ஒன்றரை அங்குலம் ஏறி இறங்கி நிற்கும். அதை நினைத்துக்கொண்டு அந்தத் தூண் வரிசையைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

இரண்டு மில்லியன் சதுர அடி. ஒரு கட்டத்தில் ஆறாயிரம் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களும் நிறைய. இந்தப் பகுதியில் 1970-களிலும் 80-களிலும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள், யாராவது ஒரு மாமா "நான் ஹோம்டெல்லில் இருந்தேன்" என்று ஆரம்பிப்பார். லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்வித்து ஓரிடத்தில் கிட்டத்தட்ட நிறுத்திவைக்கும் வேலையை 1985-இல் ஸ்டீவன் சூ என்ற இயற்பியலாளரும் அவர் கூட்டாளிகளும் இந்தக் கட்டடத்தில்தான் செய்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக 1997-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கட்டடம் வருவதற்கு முன்பே இந்த நிலம் பெல் லேப்ஸுடையது. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளர் ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள் மேல் ஓர் ஆன்டெனாவை ஏற்றி, இங்கேதான் சுற்றவிட்டார். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசும் ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இடியிலிருந்து வருவதைத் தள்ளிப் பார்த்தால், மிச்சம் ஒரு மெல்லிய இரைச்சல் வானத்தில் தனுசு ராசிப் பக்கமிருந்து, நம் பால்வீதியின் நடுவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரேடியோ வானியல் என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த ஆன்டெனா நின்ற இடத்தில் 1998-இல் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பனி இல்லாத மாதங்களில் பேரப்பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களின் அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. வெளிப்புறக் கண்ணாடியை ஒட்டி ஓடுவது நடைபாதை. முற்றத்தை ஒட்டி ஓடுவதும் நடைபாதை. அறைகளும் ஆய்வுக்கூடங்களும் இரண்டுக்கும் நடுவில். வெளிச்சம், காட்சி, மரம், வானம் எல்லாம் நடந்துபோகிறவனுக்கு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சுவர். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், முற்றத்து பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சொன்னார்: "காலைல இருட்டோட வருவோம்மா, சாயங்காலம் இருட்டோட போவோம். நடுவுல சூரியனப் பாக்கணும்னா ரூமை விட்டு வெளில வந்து நடக்கணும். நடந்தா எவனாவது எதிர்ல வருவான். நின்னு பேசுவோம். பாதி வேலை அந்தப் பேச்சுலதான் நடந்துது." அறைக்குள் இருந்தவர்களுக்கு அது கஷ்டம்தான். நான் அந்த வரைபடத்தை எஸ்டிமேட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால் என் மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

ஆனால் அறுபது வருஷம் கழித்துப் பாருங்கள். அந்த அறைகளில் நடந்த வேலை போய்விட்டது. அந்த நிறுவனம் கைமாறிக் கைமாறி, ஏ.டி. அண்ட் டி.யிலிருந்து பிரிந்து லூசென்ட் ஆகி, லூசென்ட் 2006-இல் அல்காடெலோடு சேர்ந்து, 2007-இல் கட்டடமே காலியாகிவிட்டது. வேலை போனதும் அறைகளின் மதிப்பும் போயிற்று. மிச்சம் நின்றது அந்த முற்றமும் நடைபாதைகளும்தான். எந்தக் காலத்திலும் எந்த ஒருவருக்கும் சொந்தமாக இல்லாத பகுதிக்கு சாரினென் எல்லா வெளிச்சத்தையும் கொடுத்துவைத்திருந்தார். அதனால்தான் இன்று ஒரு பாட்டி கம்பளிக் குல்லாயைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடக்க முடிகிறது. ஜன்னலோரம் எல்லாம் அதிகாரிகளின் அறையாக, நடுவில் இருட்டு வராந்தாவாக இருக்கும் வழக்கமான அலுவலகக் கட்டடம் ஒன்றை இப்படிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் யார் போய் அந்த வராந்தாவில் உட்காரப் போகிறார்கள்?

காலியாகக் கிடந்த வருஷங்கள் சின்ன விஷயம் இல்லை. பூட்டிய கட்டடம் ஒரு மழைக்காலத்தில் கெடுகிற கேடு, ஆள் புழங்கும் கட்டடம் பத்து வருஷத்தில் கெடாது. வடிகால் வாயில் சருகு அடைக்கும், மேல்தளத்தில் தண்ணீர் நிற்கும், ஓதம் இறங்கும், ஒரு கண்ணாடி உடைந்தால் அதை மாற்ற ஆள் இல்லாமல் புறா குடியேறும். இத்தனை பெரிய கண்ணாடிக் கூரையை வெப்பமும் குளிர்சாதனமும் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்கவே பயமாக இருக்கிறது. 2006-இல் வாங்க வந்த நிறுவனம் பெரும்பகுதியை இடிக்கத்தான் திட்டம் போட்டது. அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகளும் கட்டடக் கலைஞர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். மாநிலத்தில் பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் அமைப்பு, ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2008-இல் ஊர்க்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து, இதை இடிக்காமல் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று வரைந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. "இடிக்காதே" என்று சொல்வதோடு நிற்காமல், "இப்படிச் செய்யலாம்" என்று காகிதத்தில் போட்டுக் காட்டினால்தான் கட்டடம் பிழைக்கும்.

கடைசியில் 2013-இல் சாமர்செட் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் 27 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதன் தலைவர் ரால்ஃப் ஸக்கர். மறுசீரமைப்பை வடிவமைத்தவர் அலெக்சாண்டர் கோர்லின். சுற்றியிருந்த நிலத்தின் ஒரு பகுதி வீடு கட்டும் நிறுவனத்துக்குப் போயிற்று. முழுப் புல்வெளியும் தப்பவில்லை என்று சிலருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. சாசாகி என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளரின் அலுவலகம் கட்டடத்தோடு சேர்த்தே யோசித்த நிலக்காட்சி அது. ஆனாலும் வீடுகள் வரவில்லை என்றால் கட்டடத்துக்குப் பணம் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். 2017-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

என்ன மாற்றினார்கள், எதை விட்டார்கள் என்று கவனித்துப் பார்த்தேன். கூரைக் கண்ணாடியை எடுத்துவிட்டு மின்சாரம் தயாரிக்கும் சூரியக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வெளிச்சமும் வருகிறது, கரண்டும் வருகிறது. தரையில் ஜோசஃப் ஆல்பர்ஸ் என்ற ஓவியரின் பாணியில் கட்டம் கட்டமாக நிறங்கள். கான்கிரீட் தூண்களுக்கு மேல் எந்த அலங்காரமும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், முற்றத்தைத் தொடவில்லை. அவ்வளவு உயரக் காலி இடத்தில் இடைத்தளம் போட்டிருந்தால் எத்தனை ஆயிரம் சதுர அடி வாடகைக்குக் கிடைத்திருக்கும்! அந்தக் கணக்கைப் போடாமல் விட்ட மனதுக்கு என் நன்றி.

நூலகத்துக்கு வருகிறேன். மான்மவுத் கவுண்டி நூலகத்தின் ஹோம்டெல் கிளையை 2017-இல் இங்கே தரைத்தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரியவர்களோடு வருகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். நல்ல உயரமான, முதுகு சாயும் நாற்காலிகள். உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. குழந்தைகள் பகுதியில் பேரனை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து வெளியே போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கழுத்தில் அட்டை தொங்கும் மென்பொருள்காரர்கள் ஒரு பக்கம், தள்ளுவண்டியில் குழந்தையோடு இளம் தாய் ஒரு பக்கம், வீட்டுப்பாடம் எழுதும் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஒரு காலத்தில் அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாத இடத்தில் ஊரின் நூலகம் இருக்கிறது. கட்டடத்தை வாங்கியவர் கடை மட்டும் வைத்திருந்தால் இது இன்னொரு மால். நூலகம் வந்ததால்தான் காசு இல்லாதவருக்கும் அங்கே வரக் காரணம் கிடைத்தது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. பீட்சா, சாலட், பேக்கரி வகைகள் கிடைக்கும். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விலை அங்கே வேலை பார்க்கிறவர்களின் சம்பளத்துக்கு ஏற்ற விலை. குடும்பத்தோடு போனால் கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். காபி நன்றாக இருக்கிறது, நம் காபி இல்லை. வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

குறைகளும் உண்டு. முற்றத்தில் போட்டிருக்கும் சோபாக்கள் பல தாழ்வானவை. பள்ளமாக இறக்கி, சுற்றிலும் மெத்தை போட்ட உட்காரும் இடம் பார்க்க அழகு, மூட்டுவலிக்காரர்கள் இறங்கினால் ஏற ஆள் வேண்டும். நீளமான கான்கிரீட் இடம் என்பதால் கூட்டம் சேர்ந்தால் எதிரொலி அதிகம். காதுக் கருவி போட்டவர்களுக்குச் சிரமமாக இருக்கும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது போக்குவரத்து. கார் ஓட்டிவந்து நிறுத்துகிறவர்களை நினைத்துக் கட்டிய வளாகம் அது, இன்றும் அப்படித்தான். நிறுத்துமிடம் தாராளம், இலவசம். ஹாஸ்லெட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம் இல்லை. இந்த நாட்டில் கார் ஓட்டத் தெரியாத நம் வயதுக்காரர்களுக்கு யாராவது கொண்டுவிட்டால்தான் உண்டு. காலையில் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டு, மதியம் வந்து அழைத்துப்போகும் பிள்ளைகளை அங்கே பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மகளோ மகனோ வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். ஊராட்சி நினைத்தால் முதியோர் மையத்திலிருந்து ஒரு வேன் விடலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நூலகம் பொதுமக்களுடையது, முற்றம் தனியாருடையது. இப்போது இருப்பவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வேறு யாராவது வாங்கினாலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. கட்டடங்கள் கைமாறும்போது முதலில் பூட்டப்படுவது பொது வழிதான் என்பதை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அங்கே நடக்கும்போதெல்லாம் நம் மாவட்டத் தலைநகரங்கள் ஞாபகம் வரும். பல ஊர்களில் ஆட்சியர் அலுவலகம் ஊருக்கு வெளியே புது வளாகத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் தூரத்தில், வேப்பமரத்து நிழலோடு நிற்கிறது. 1960-களிலும் 70-களிலும் கட்டியவற்றுக்கு அழகு இல்லை என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கட்டடத்துக்குக் கிடைக்கும் பரிவு இவற்றுக்குக் கிடைப்பதில்லை. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்திருந்தால் அதைக் கொத்தி எடுத்துச் சரிசெய்ய வழி இருக்கிறது, நாங்களே செய்திருக்கிறோம். அகல வராந்தாவும் முன் முற்றமும் உள்ள ஒரே ஒரு கட்டடத்தை எடுத்து, கீழே நூலகம், மேலே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம், மாலையில் பெரியவர்கள் நடக்க வெளிச்சம் என்று செய்துபார்க்க வேண்டும். அதற்கு ஈரோ சாரினென் தேவையில்லை. நல்ல உதவிப் பொறியாளர் ஒருவரும், கையெழுத்துப் போடத் துணிந்த ஆட்சியர் ஒருவரும் போதும்.

போகிறவர்களுக்கு: வார நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்குள் நடை முடிந்துவிடும். உழவர் சந்தையோ இசை நிகழ்ச்சியோ நடக்கும் நாளில் போனால் ஊரையே பார்க்கலாம், ஆனால் நடக்க முடியாது. நூலக நேரம் நாளுக்கு நாள் மாறும், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். காலணி வழுக்காததாக இருக்கட்டும். வாசலில் பனி ஈரம் இருக்கும். மோர்கன்வில் குருவாயூரப்பன் கோயிலும் இதே கவுண்டியில்தான், ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம். கோயிலுக்கு முதலில் போங்கள், உச்சிக்காலம் ஆனதும் நடை சாத்திவிடுவார்கள்.